ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள்

வரலாறு பயில்வோர் ஆண்டுகளை நினைவிற்கொள்வர். நாள்களை நினைவிற்கொள்வோர் சிலரே. எனினும், ஒரே நாளில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோமாயின், தனித்தனியே புலப்படாத உண்மை புலப்படுதல் கூடும். அத்தகைய நாள்களுள் ஒன்று ஆகஸ்டு 28.

1833ஆம் ஆண்டு அந்நாளில், அடிமை ஒழிப்புச் சட்டத்திற்கு இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியத்தின் ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ 8 இலட்சம் அடிமைகளின் விடுதலைக்கு வழிவகுத்த சட்டம் அது. ஆயினும், அதில் ஒதுக்கப்பெற்ற 2 கோடி பவுன் இழப்பீடு அடிமைகளின் உடைமையாளர்க்கே சென்றது. உழைத்தவர்க்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளோ சட்டத்தினின்றும் விலக்கப்பட்டன. அப்பகுதிகளில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843இல்தான் நீங்கியது, திருவிதாங்கூரில் 1855இல்.

அதற்கு எட்டாண்டுகளின் பின், 1863 ஆகஸ்டு 28 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் புலையர் சமுதாயத்தில் அய்யன்காளி பிறந்தார். ஏட்டில் அடிமைமுறை ஒழிந்திருந்தது. பொதுச் சாலையில் நடக்கவோ, பள்ளியில் நுழையவோ அம்மக்களுக்கு உரிமை இல்லை. 1893இல் அவர் மாட்டுவண்டியேறித் தடுக்கப்பட்ட சாலையிலே சென்றார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என உழவுத் தொழிலாளரை உறுதியுடன் நிற்கச் செய்தார். அரசாணை பிறந்த பின்னரும், பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது, பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது.

எழுதப் படிக்க அறியாத அப்பெருமகனார், 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது வெளியிட்ட விருப்பம் யாது? தம் மக்களுள் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறக் காண வேண்டும் என்பதே.

1955 ஆகஸ்டு 28 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடுமையாகக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. மகனின் சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் எனத் தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். அந்நாட்டின் உரிமைப் போராட்டத்திற்கு அது கனல் மூட்டிற்று.

எட்டாண்டுகள் கழித்து, 1963இல் அதே நாளில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வாசிங்டனில் திரண்டு வேலையும் விடுதலையும் வேண்டினர். மார்ட்டின் லூதர் கிங் புகழ்மிக்க உரையை ஆற்றியது அங்கேதான். குடிசார் உரிமைகள் சட்டம் 1964இலும், வாக்குரிமைச் சட்டம் 1965இலும் நிறைவேறின. அந்நாள் அய்யன்காளியின் நூறாம் பிறந்தநாள் என்பதை அங்குக் கூடியோருள் அறிந்தார் இருந்திருத்தல் அரிது. எனினும், வெங்ஙானூர் கேட்டதையே வாசிங்டனும் கேட்டது.

நாள்களுக்கெனத் தனி ஆற்றல் ஏதும் இல்லை. இவற்றை இணைத்து நோக்கின் நாம் தெளிவது இதுவே: சட்டம் கதவைத் திறக்கலாம், உள்ளே செல்லும் கால்கள் நம்முடையனவாக இருத்தல் வேண்டும். சென்றவர் இடைநில்லாது இறுதிவரை பயிலவும் வேண்டும். பிள்ளையைப் பாதியில் பள்ளியினின்றும் நிறுத்தக் கருதும் பெற்றோர், ஒரு சிறுமிக்காக ஒரு பள்ளியே எரிந்ததை ஒருகணம் எண்ணுவாராக. அன்று கனவாயிருந்த பட்டம் இன்று நம் இளைஞர் கைக்கு எட்டியுள்ளது. பத்துப் பேர் போதும் என்றிருத்தல் மட்டும் நமக்கு ஆகாது.