அடுத்த வீட்டாரின் கடமை

கிளேபாங் முதலிய பட்டணப் பகுதிகளிலும் மலாக்காத் தோட்டங்களிலும் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம் ஒன்றுண்டு. லயத்துப் பலகைச் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அடிபட்டு அலறும், கேட்டவர்களோ, "பெற்றவன் அடிக்கிறான், நமக்கென்ன?" என்று கதவைச் சாத்திக் கொள்வார்கள். இதை நாம் மரியாதையென்று எண்ணி வந்தோம். ஆனால் குழந்தைப் பாதுகாப்பின் சரித்திரமே அடுத்த வீட்டார் வாய் திறந்ததில்தான் துவங்குகிறது.

1874-ல் நியூயார்க் நகரில் மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்புத் தாயால் வதைக்கப்பட்டாள். அக்கட்டடத்தில் குடியிருந்தோர் சொல்லக் கேட்ட எட்டா வீலர் என்ற மாது, மிருகவதைத் தடுப்புச் சங்கத் தலைவர் ஹென்றி பெர்க்கின் உதவியை நாடினார். வழக்கு நடந்தது, சிறுமி மீட்கப்பட்டாள். குழந்தைகளுக்கென ஒரு சங்கம் அதன் பிறகே அங்கு பிறந்தது. குதிரைக்கும் நாய்க்கும் முன்பே சங்கம் இருந்ததென்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்!

மலாயாவில் சமூகநல இலாகா 1946-லும், சிறுவர் இளையோர் சட்டம் 1947-லும் ஏற்பட்டன. 1985-ல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில், வதையுண்டதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தைகளைக் கவனிக்கத் தனிக் குழு அமைந்தது. சந்தேகங்கொள்ளும் வைத்தியர் அதை அறிவித்தே தீர வேண்டுமென 1991-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2001-ம் வருஷத்துச் சிறார் சட்டப்படி, குடும்பத்தாருக்கும் கூலி பெற்றுக் குழந்தை பார்ப்போருக்கும் அக்கடமை உண்டு.

தகவல் எட்டினால் நடப்பதென்ன? குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவையென்று தக்க காரணத்தோடு நம்பினால், இலாகாவின் பாதுகாவலரோ போலீஸ் அதிகாரியோ அதைத் தம் வசம் எடுக்கலாம். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தில் ஆஜர்ப்படுத்த வேண்டும். சிகிச்சை தேவையாயின் வைத்தியரிடம் காட்டுவர். வீட்டு நிலைமையைப் பாதுகாவலர் அறிக்கையாகத் தருவார். பெற்றோரிடம் பிணையெழுதி வாங்கி ஒப்படைப்பதா, தகுந்த வேறொருவரிடம் விடுவதா, காப்பகத்துக்கு அனுப்புவதா என்று நீதிமன்றம் அதன்பின் தீர்மானிக்கும். ஆகவே, "சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக் கொள்வார்கள்" என்ற பயத்தால் வாய்மூடியிருப்பது அறியாமையே.

சட்டம் எவ்வளவு நல்லதாயினும் லயத்து அலறல் அதன் காதில் தானே விழாது. கேட்டவர் சொன்னால்தான் விழும். அதற்கு 15999 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பிள்ளை தகப்பனின் உடைமையன்று. அதற்கும் ஓர் உயிரும் மானமும் உண்டு. குடும்ப மானம் பெரிதென்போர், ஒரு குழந்தையின் பிணத்தின்மீது எந்த மானம் நிற்கும் என்று சொல்லட்டும்.