பகைவர் ஏடுகளே சாட்சியாக: ஐடா பி. வெல்ஸின் எழுத்துப்பணி

கேட்ட செய்தியை அப்படியே அச்சேற்றாமல், நிகழ்விடத்துக்கே சென்று சாட்சிகளையும் ஆவணங்களையும் திரட்டி உண்மையை நிறுவும் புலனாய்வு இதழியலுக்கு அமெரிக்காவில் வழி வகுத்தவர்களுள் ஐடா பி. வெல்ஸ் முன்வரிசையில் நிற்பவர். 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸில் அடிமைக் குடும்பத்தில் பிறந்து, 1878இல் பெற்றோரை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, உடன்பிறந்தோரைக் காக்க இளவயதிலேயே ஆசிரியப் பணி ஏற்ற அவர், பின்னர் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் குடியேறி, 1889இல் ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார்.

1892 மார்ச்சில் அந்நகரில் நேர்ந்த படுகொலையே அவருடைய எழுத்தின் திசையைத் தீர்மானித்தது. கறுப்பின மக்கள் நடத்திய மளிகைக்கடை அருகிலிருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வளர்ந்ததால் மூண்ட மோதலில் சிறைப்பட்ட தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. நீதிமன்ற விசாரணையின்றிக் கும்பல் கூடி உயிர் பறிக்கும் இக்கொடுமைக்கு ‘லிஞ்சிங்’ என்று பெயர். வெள்ளை இனப் பெண்களின் மானங்காக்கவே அது நிகழ்வதாகத் தென்மாநில ஏடுகள் ஓயாது எழுதிவந்தன. மாஸ் வெல்ஸின் நெருங்கிய நண்பர். அவர்மீதோ மற்ற இருவர்மீதோ அத்தகைய குற்றச்சாட்டு எதுவும் இருந்ததில்லை.

அதன்பின் வெல்ஸ் மேற்கொண்ட ஆய்வுமுறையிலேயே அவருடைய பேராற்றல் விளங்குகிறது. கறுப்பினத்தார் தரும் கணக்கு மிகைக்கூற்று என்று தள்ளப்படும் என்பதை உணர்ந்து, வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளேடு ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியல்களையே அவர் சான்றாகக் கொண்டார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்மீது மட்டுமே பாலியல் வன்கொடுமைக் குற்றம் சுமத்தப்பட்டிருந்தது என்பதை 1892இல் அவர் எடுத்துக்காட்டியபோது, கொலையை நியாயப்படுத்தியோரின் வாதம் அவர்களுடைய ஏடுகளின் கணக்காலேயே தகர்ந்தது. 1895இல் வெளிவந்த ‘தி ரெட் ரெக்கார்ட்’ நூலும் அந்நெறியிலேயே அமைந்தது.

1892 மே மாதம் அவர் வெளியூர் சென்றிருந்தபோது இதழ் அலுவலகத்தைக் கும்பல் அழித்தது. திரும்பினால் உயிர் போகும் என்று எச்சரிக்கப்பட்ட நிலையில், நியூயார்க்கிலிருந்தபடியே எழுத்தைத் தொடர்ந்ததோடு, 1893, 1894 ஆண்டுகளில் பிரிட்டனிலும் சொற்பொழிவாற்றினார். 1913இல் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணி நடந்தபோது, கறுப்பினப் பெண்கள் பின்வரிசைக்குச் செல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இணங்காமல், தம் மாநிலக் குழுவினருடனேயே நடந்தார். இன இழிவை எதிர்த்தவர் பெண்ணுரிமைக் களத்திலும் அதே இழிவோடு மோத நேர்ந்தது வேதனைக்குரியது.

1931இல் சிகாகோவில் மறைந்தபோது அவருடைய தன்வரலாறு முற்றுப்பெறாமல் இருந்தது. மகள் ஆல்ஃபிரடா டஸ்டரின் பதிப்பாக 1970இல் அது வெளிவந்தது. புலிட்சர் அமைப்பு 2020இல் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அவர் வாழ்நாளெல்லாம் வேண்டிய, கும்பல் கொலைக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டமோ 2022இல்தான் நிறைவேறியது.