பெட்டி பூட்டினவர்களின் வரலாறு

பிக்கப் வாகனத்தை முதன்முதலில் செய்தது யார் எண்டு தேடிப்பார்த்தால், பெரும்பாலும் ஒரு திகதியில்தான் போய் நிற்போம்: 1925 ஏப்ரல் 15. அமெரிக்காவின் ஃபோர்ட் கொம்பனி தன்னுடைய மொடல் ரீ காருக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியைப் பூட்டி, தொழிற்சாலையிலிருந்தே முழு வாகனமாக விற்பனைக்கு விட்ட நாள் அது. விலை 281 டொலர். திகதி பிழையில்லை. ஆனால் அதற்கு முன்னர் பல வருஷமாக அமெரிக்கக் கிராமங்களில் ஓடித்திரிந்த பிக்கப்புகளையும், அவற்றைச் செய்த கைகளையும் அந்த ஒற்றைத் திகதி வரலாற்றிலிருந்து இறக்கிவிட்டுவிடுகிறது. எங்களுக்கு அதுதான் பிரச்சினை.

மொடல் ரீ வெளிவந்தது 1908 ஒக்டோபரில். 20 குதிரைவலு எஞ்சின். இந்தக் கதைக்கு எஞ்சினை விட முக்கியமானது அதன் சேஸி. இரண்டு நீளச் சட்டங்கள், இடையில் குறுக்குச் சட்டங்கள், ஏணியைப் படுக்கப் போட்டது மாதிரி. எஞ்சின், அச்சு, சில்லு எல்லாம் அந்த ஏணியோடு நிற்கும். மேலே இருக்கிற உடல், கராஜில் 'பொடி' எண்டு சொல்லுறது, தனி. போல்ட்டைக் கழற்றினால் தூக்கி அந்தப்பக்கம் வைக்கலாம். விவசாயிகள் அதைத்தான் செய்தார்கள். பின் இருக்கையைக் கழற்றி, இரண்டு மரச்சட்டம் போட்டு, மேலே பலகை அடித்தால் ஒரு தட்டு. நாலு பக்கமும் பலகை நிறுத்தினால் பெட்டி. கிழமை நாளில் பால் கேன், கோழிக்கூடு, உருளைக்கிழங்கு மூட்டை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கி இருக்கையைப் பூட்டினால் குடும்பத்தோட தேவாலயத்துக்குப் போகலாம்.

அதோட விடவில்லை. பின் சில்லைக் கிளப்பி நிறுத்தி, அதில் பட்டி கொழுவி, மரம் அரிந்தார்கள், சோளம் அரைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், உடுப்பும் தோய்த்தார்கள். ரொனால்ட் கிளைன், ட்ரெவர் பின்ச் எண்ட இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். ஒரு பொருள் என்னவாக இருக்கவேண்டும் எண்டதைச் செய்கிறவன் மட்டும் தீர்மானிப்பதில்லை, வாங்கிப் பாவிக்கிறவர்களுக்கும் அதில் பங்கிருக்கு எண்டது அவர்களுடைய வாதம். கலைப்பீடத்தில் தொழில்நுட்ப வரலாறு எண்டால் கண்டுபிடிப்பாளர் பெயரும் ஆண்டும் எண்டு நினைத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு இது நல்ல மருந்து.

வீட்டில் செய்த தட்டு எண்டால் லேசான வேலை எண்டு நினைக்கக்கூடாது. மேடு பள்ளத்தில் ஓடும்போது ஏணிச் சேஸி கொஞ்சம் முறுகும், முறுகத்தான் வேணும். தட்டை அதோட இறுக ஒட்டிவிட்டால் அந்த முறுக்கு முழுக்க ஒட்டின இடத்தில் போய்ச் சேர்ந்து, ஒரு நாள் வெடிப்பு விழும். அதனால் சேஸிக்கும் தட்டுக்கும் இடையில் மரத்தை வைத்து, 'யூ' வடிவ போல்ட்டால் கட்டுவது வழக்கமானது. பாரம் எங்கே விழவேண்டும் எண்டதும் முக்கியம். பின் அச்சுக்கு அங்காலே கூடப் போனால் முன் சில்லுகள் நிலத்தை விட்டுக் கிளம்பப் பார்க்கும், ஸ்டியரிங் கேளாது. பொறியியல் பட்டம் இல்லாத கொல்லர்களும் தச்சர்களும் வைத்திருந்த அறிவு இது.

கொம்பனிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. மொடல் ரீயை நீட்டி லொறியாக்குகிற பாகங்களைச் சில்லறைக் கொம்பனிகள் விற்கத் தொடங்கின. 1917இல் ஃபோர்ட்டே ஒரு தொன் பாரம் ஏற்றுகிற மொடல் ரீரீ சேஸியை 600 டொலருக்கு விட்டது. சேஸி மட்டும்தான். பொடி உங்கட பாடு. 1924இல்தான் தொழிற்சாலைப் பொடி வந்தது, அடுத்த வருஷம் அந்தப் பிரபலமான பிக்கப். முதல் வருஷத்திலேயே ஏறக்குறைய 34,000 விற்றதாம். விற்காமல் என்ன செய்யும்? அதை எப்படிச் செய்யவேண்டும் எண்டு விவசாயிகள் ஏற்கனவே செய்து காட்டிவிட்டார்களே.

1930களில் இதே கைவேலைக்கு வேறொரு தேவை வந்தது. ஒக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ் பக்கம் வறட்சியும் புழுதிப் புயலும். அதோட கடனும் நில வெளியேற்றமும். பழைய கார்களின் பின்பாதியை வெட்டி, தட்டுப் பூட்டி, மெத்தை, அடுப்பு, பாத்திரம், பிள்ளைகள் எல்லாத்தையும் ஏற்றிக்கொண்டு சனம் கலிபோர்னியாவுக்கு வெளிக்கிட்டது. ஜோன் ஸ்டைன்பெக்கின் 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்' நாவலில் (1939) ஜோட் குடும்பம் போவதும் அப்படி வெட்டி லொறியாக்கின ஒரு ஹட்சன் காரில்தான். 1936இல் லோஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 பொலிஸ்காரரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசோ வேலையோ இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். தங்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே, சோதனைச் சாவடியில். உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டை ஏற்றிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டின எங்கட ஆக்களின் பெயர்களையும் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

இனி வருகிறது கோழிக் கதை. மேற்கு ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியைக் கூட்ட, பதிலடியாக அமெரிக்கா 1964 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு பிராண்டி, உருளைக்கிழங்கு மா இவற்றோடு இலகுரக லொறிகளுக்கும் 25 வீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, லொறி வரி இண்டைக்கும் இருக்கு! ஆனால் பெட்டி இல்லாமல் சேஸியும் கபினும் மட்டும் வந்தால் வரி 4 வீதம்தான். ஜப்பான் கொம்பனிகள் அப்படியே மொட்டையாகக் கப்பலில் இறக்கி, பெட்டியை அமெரிக்காவில் பூட்டின. டொயோட்டா கலிபோர்னியாவின் லோங் பீச்சில் பெட்டி செய்தது. 1908இலிருந்து விவசாயி செய்த அதே வேலையை இப்போது பெருங்கொம்பனி வரிக்காகச் செய்தது. 1980இல் அந்த ஓட்டையை அரசாங்கம் அடைத்தது.

பம்பரும் இந்த இடைவெளியில் பிறந்த பொருள்தான். 1973 மொடல் கார்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினாலும் முக்கிய பாதுகாப்புப் பாகங்கள் பழுதாகக்கூடாது எண்டு அமெரிக்கச் சட்டம் வந்தது. பின்பக்கத்துக்கு 2.5 மைல். பிக்கப்புகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. பின் பம்பர் மேலதிகக் காசுக்கு வாங்குகிற சாமானாகவே கனகாலம் இருந்தது. சிறிய ஜப்பான் பிக்கப்புகள் பல அது இல்லாமலே கடைக்கு வந்தன. வாங்கினவர் பக்கத்து வெல்டிங் கடைக்குப் போவார். ஒரு நீளம் 'சனல்' இரும்பு, இரண்டு முனையையும் சரிவாக வெட்டி மூடி, காலை வைத்து ஏற மேலே ஒரு கீறல் தகடு, நடுவில் இழுவைக் கொழுவிக்கு ஒரு துளை, கறுப்பு பெயின்ற். பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதில் கொம்பனிச் சின்னமும் இருக்காது, இலக்கமும் இருக்காது.