நீர்ப்பெயர்களும் குடிவழி வரலாறும்
(திருவள்ளூர், கும்முடிப்பூண்டிப் பகுதியைத் தழுவிய ஓர் ஆய்வு)

ஊர் வரலாற்றை ஆராய்வோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் துணைநிற்கின்றன. குடி வரலாற்றை ஆராய்வோர்க்கு அத்தகைய துணை எளிதிற் கிட்டுவதில்லை. அரசரும் கொடையாளரும் தம் பெயரைப் பொறித்துச் சென்றனர். உழுதோரும் வலைவீசினோரும் உப்பு விளைத்தோரும் அவ்வாறு செய்திலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று முன்னோர் வாழ்ந்த இடத்தைத் தேடப் புகுங்கால், கையில் எஞ்சியிருப்பவை சில தாள்களே. பழைய கிரய ஆவணம் ஒன்று, பட்டா ஒன்று, கடல் கடந்து சென்ற குடியாயின் குடிப்பெயர்ச்சிச் சீட்டின் படி ஒன்று என்ற அளவில் அவை அமையும். இவற்றுட் காணும் ஊர்ப்பெயர் ஒன்றையே கொண்டு இடத்தைத் துணிதல் பிழைக்கு இடந்தரும் என்பதும், ஊரைச் சூழ்ந்த ஆறு, ஏரி, கால், ஓடை ஆகியவற்றின் பெயர்களே அத்துணிபை உறுதிப்படுத்த வல்லன என்பதும் யாம் ஈண்டு நிறுவ விழைவன.

ஊர்ப்பெயரின் குறைபாடு

ஆரணி என்னும் பெயரை முதற்கண் நோக்குவோம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்து ஆரணியாற்றின் கரையில் ஓர் ஆரணி உளது. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் மற்றோர் ஆரணி உளது. பின்னது பெரிய நகரம்; பலரும் அறிந்தது. ஆகவே 'ஆரணி' என்ற சொல்லைத் தாளிற் கண்ட அளவில் அதனையே கருதுதல் இயல்பு. பொன்னேரி வட்டத்து ஆரணியைச் சேர்ந்த குடியொன்றின் வரலாறு இவ்வாறு வேறு மாவட்டத்திற் சென்று மறைந்துவிடக் கூடும். ஆற்றின் பெயர் ஒன்று உடன் கிடைப்பின் ஐயம் நீங்கும்.

திருவள்ளூரும் இத்தகைய இடர்ப்பாட்டுக்கு உட்பட்டதே. ஆங்கில ஆட்சிக் காலத்து ஏடுகளில் தஞ்சை மாவட்டத்துத் திருவாரூரும் 'திருவாலூர்' என எழுதப்பெற்றது. உரோமன் எழுத்தில் லகர ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் தோன்றா ஆதலின், செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூரும் தஞ்சைத் திருவாரூரும் ஒன்றற்கொன்று மிக அணுகிய வடிவம் பெற்றன.

கடல் கடந்தோர் வரலாற்றில் இவ்விடர்ப்பாடு பெருகுகின்றது. சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் சென்றனர். அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை சீட்டுகளிற் குறிக்கப்பெற்றன. சொன்னவர் தமிழரோ தெலுங்கரோ ஆவர். எழுதியவர் அவர் வாய்மொழியைச் செவியாற் கேட்டு ஆங்கில எழுத்திற் பெயர்த்த எழுத்தர். நான்காம் ஐந்தாம் தலைமுறையினர் இன்று ஊர் தேடி வருங்கால், அவர்முன் நிற்பது தம் முன்னோர் சொன்ன பெயரன்று; எழுத்தர் செவியில் விழுந்த பெயரே.

மாவட்டம் மாறினும் ஆறு மாறாமை

ஊர்ப்பெயர் ஐயத்திற்குரியதாயின் மாவட்டப் பெயரைத் துணைக்கொள்ளலாம் எனக் கருதுவர் சிலர். இப்பகுதியைப் பொறுத்தவரை அதுவும் முழுத்துணை ஆகாது. திருத்தணியைச் சான்றாகக் கொள்வோம். அது 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டிற் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுட் சென்றது. படாஸ்கர் தீர்ப்பின்வழி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தைச் சேர்ந்து செங்கற்பட்டு மாவட்டத்திற்கு உரியதாயிற்று. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் தோன்றிய பின் அதன்கண் அமைந்தது. பாட்டனும் தந்தையும் மகனும் பெயரனும் ஒரே மனையிற் பிறந்திருப்பினும் நால்வர்க்கும் சொந்த மாவட்டம் வெவ்வேறாக எழுதப்பட்டிருத்தல் கூடும். நந்தியாறோ நால்வர் காலத்தும் அங்கேயே ஓடியது.

அதே எல்லை மாற்றத்தில், பொன்னேரி வட்டத்துச் சத்தியவேட்டுப் பகுதியின் சிற்றூர்கள் பல ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. 2022 முதல் அவை திருப்பதி மாவட்டத்தின்பாற் பட்டன. 'செங்கற்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டம்' என்று பழந்தாள் கூறும் ஊரைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் மட்டும் தேடுவோர் காணாது மீள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்க.

நீர்ப்பெயரின் வேறுபாடுகள்

எனினும் நீர்ப்பெயரும் ஒருபடித்தாய் நிற்பதன்று. அதன் வேறுபாடுகளை அறிந்தாலன்றி அதனைச் சான்றாகக் கொள்ளல் இயலாது. அவ்வேறுபாடுகளை நான்காகப் பகுத்துக் காட்டலாம்.

முதலாவது, ஓராறு இடந்தோறும் பெயர் வேறுபடுதல். திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய ஆறு, சென்னையின் பழைய ஆங்கில வரைபடங்களில் திருவல்லிக்கேணி ஆறு எனப்பட்டது. ஆரணியாறு ஆந்திரப் பகுதியில் அருணாநதி என வழங்கும். ஆற்றங்கரையில் வாழ்வார்க்கு முழு ஆற்றுக்கும் உரிய ஒரு பெயர் வேண்டுவதில்லை. தம் துறைக்குரிய பெயரே போதும். ஒரு பெயரை ஆறு முழுமைக்கும் நீட்டியது வரைபடமே.

இரண்டாவது, எழுத்தால் வேறுபடுதல். கொசத்தலையாறு, குசத்தலை, கொற்றலையாறு, கோர்த்தலையாறு என்பன யாவும் ஓராற்றையே சுட்டும். மேலும், உரோமன் எழுத்தில் 'கால்' என்பதும் 'கல்' என்பதும் ஒன்றாகவே எழுதப்படும். அவ்வடிவத்தைக் கண்ட அளவில் அது நீரையோ பாறையையோ குறித்தது எனத் துணிதல் ஆகாது.

மூன்றாவது, மொழியால் வேறுபடுதல். கும்முடிப்பூண்டி, சத்தியவேட்டுப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்றன. தமிழில் ஏரி எனப்படுவது தெலுங்கிற் செருவு ஆகும். ஓடை வாகு ஆகும். கால்வாய் காலுவ ஆகும். ஈண்டு நுணுகி நோக்கற்பாலது 'ஏரு' என்னுஞ் சொல். தெலுங்கில் அது ஆற்றைக் குறிக்கும். ஈற்றுயிர் ஒன்று மாறினால் தமிழின் ஏரியாகிவிடும். எழுத்தர் ஒருவரது கைப்பிழையால் ஓடும் நீர் தேங்கும் நீராக மாறிவிடுகின்றது.

நான்காவது, காலத்தால் வேறுபடுதல். எண்ணூர், பழவேற்காடு வழியாகச் செல்லும் உப்புநீர்க் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டுக் காக்ரேன் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 1837-இல் அரசு அதனை ஏற்றபின் கிழக்குக் கடற்கரைக் கால்வாய் எனப்பட்டது. 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. எனவே, நாள் கிழிந்துபோன ஆவணம் ஒன்று பக்கிங்காம் கால்வாயைச் சுட்டுமாயின் அது 1878-க்கு முற்பட்டதன்று என உறுதியாகக் கூறலாம். ஆயின் பழம்பெயரைச் சுட்டும் ஆவணம் அவ்வாண்டுக்கு முற்பட்டதே எனக் கூறுதல் பொருந்தாது. அரசு மாற்றிய பெயரை மக்கள் நாவு உடனே ஏற்பதில்லை.

எல்லை கூறும் மரபு

நிலத்தை நீரால் எல்லைப்படுத்தும் வழக்கம் இப்பகுதியில் மிகத் தொன்மையானது. 1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முப்பத்தொன்றும், முதலாம் இராசேந்திர சோழன் திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரை அளித்த செய்தியைக் கூறுவன. அவற்றின் தமிழ்ப்பகுதி நாற்புறத்து எல்லையையும் விரித்துரைக்கின்றது. அம்மரபின் வழிவந்ததே இன்றைய கிரய ஆவணங்களிற் காணும் 'சக்குபந்தி'. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும், நிலத்தை அடையாளங் காணுதற்கு அதனை அடுத்துள்ள சாலைகளையும் பிற உடைமைகளையும் குறிக்க வேண்டும் என விதிக்கின்றது.

சக்குபந்தியைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. 'ஓடைக்குக் கிழக்கு' என்று ஆவணம் கூறின், நிலம் ஓடைக்குக் கிழக்கே உளது என்பதே பொருள். ஓடை நிலத்தின் மேற்கெல்லை ஆகும். இதனை மாற்றிப் பொருள்கொண்டு ஆற்றின் மறுகரை ஊரில் தம் முன்னோரைத் தேடுதல் தொடக்கநிலை ஆய்வாளர்க்கு எளிதில் நேரும் பிழையாம்.

ஆவணத்திற்கு முற்பட்ட காலத்திற்குப் பர்னார்டு என்பார் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரில் நடத்திய அளவாய்வு பெருந்துணை புரியும். ஊர்தோறும் நிலம், ஏரி, வீடு, தொழில் ஆகியவற்றின் கணக்கு அதன்கண் எடுக்கப்பட்டது. அதற்கு மூலமாகிய தமிழோலைக் கணக்குகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உளது.

ஆய்வு முறை

மேற்கூறியவற்றான் ஒரு முறை பெறப்படுகின்றது. தாளிற் கண்ட ஊர்ப்பெயரை உரோமன் எழுத்தினின்று தமிழிலும் தெலுங்கிலும் இயலும் வடிவங்களாக விரித்தெழுதுக. அவ்வடிவங்களுக்கு ஒத்த ஊர்கள் அனைத்தையும், அத்தாள் எழுந்த காலத்து மாவட்ட எல்லையுட் காண்க. பின்னர் ஆவணமோ குடும்பத்தார் வாய்மொழியோ தரும் நீர்ப்பெயரைப் பேரளவு வரைபடத்திற் பொருத்துக. மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவினதான நாட்டளவை வரைபடத்தில் ஆறும் பெரிய ஏரியும் தோன்றும். வயற்காலும் சிற்றோடையும் காணற்கு மைலுக்குப் பதினாறங்குல அளவினதான கிராம வரைபடமே வேண்டும். இறுதியாக, ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளேனும் ஒத்துவந்தாலன்றி முடிவு கூறாதொழிக. பெயரொற்றுமை தேடுதற்கு வழிகாட்டுமேயன்றித் தானே சான்று ஆகாது.

பெயர் மறைதல்

இவ்வாய்வை நீட்டித்துச் செய்தற்கு இப்பகுதியிற் காலம் குறுகியுள்ளது. 1944-இல் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றபோது திருவெண்பாக்கம் என்னும் பழம்பதி நீருள் மறைந்தது. தேவாரப் பாடல் பெற்ற அதன் கோயில் பூண்டிக்கு மாற்றப்பெற்றமையால் பெயர் நிலைபெற்றது. நீருள் அமிழ்ந்த ஊரைத் தேடுவோர் நீர்த்தேக்கத்திற்கு முற்பட்ட வரைபடத்தை நாடின் காண்பர்.

நிரவப்பட்ட வயற்காலுக்கு அத்தகைய பேறு இல்லை. கும்முடிப்பூண்டியில் அரசின் சிப்காட் தொழில்வளாகமும் அதனைச் சூழ்ந்து ஆலைகளும் எழுந்தன. பல்லாயிரவர்க்கு அவை வாழ்வளிப்பன. அவற்றைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயின் சிறுசிறு புலங்கள் ஒன்றாக்கப்படுங்கால் அவற்றிடையே ஓடிய கால்களும் வரப்புகளும் மறைகின்றன. நிலப் பதிவேட்டில் அவற்றிற்கு எஞ்சுவது 'வாய்க்கால் புறம்போக்கு' என்னும் பொதுச்சொல்லும் ஓர் எண்ணுமே. அக்காலுக்கு ஊரார் இட்ட பெயர் வரைபடத்தில் ஏறாதிருப்பின், அதனை அறிந்த முதியோரோடு அது முடிந்துவிடும். அதன்பின், 'இன்ன காலுக்குத் தெற்கு' என்று கூறும் ஆவணம் ஒருவர் கையில் இருப்பினும், அது எவ்விடத்தையும் சுட்டாத தாளாகிவிடும்.

ஆதலின் இப்பகுதியில் ஆய்வு மேற்கொள்ளும் முதுகலை மாணவர் கிராம வரைபடத்தைக் கையிற்கொண்டு ஊர்தோறும் சென்று, கால், மதகு, கலங்கல், தாங்கல், ஓடை, கழி ஆகியவற்றிற்கு மக்கள் வழங்கும் பெயர்களைப் புல எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். தமிழ்ப்பெயரையும் தெலுங்குப்பெயரையும் ஒருங்கே எழுதுதல் நலம். சொல்லாராய்ச்சிக்கு அது பயன்படும் என்பது ஒருதலை. அதனினும் மேலாக, நேட்டாலினின்றோ மொரீசினின்றோ ஒருவர் ஒற்றைத் தாளுடன் வந்து தம் முன்னோர் நிலம் யாதென வினவுங்கால், அவரை அவ்விடத்திற் கொண்டு நிறுத்தற்கு அப்பதிவன்றி வேறு துணை இராது.