தண்ணீரில் ஓடும் கார்: ஒரு கனவின் வரலாறு

வானம் தெளிந்திருக்கும் நாள்களில் நகரியிலிருந்து வடகிழக்கே நோக்கினால், ஸ்ரீஹரிகோட்டாவில் எழும் ஏவூர்தியின் புகைத்தடத்தைக் காணலாம். 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் அத்தீவு பக்கத்துத் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து செல்லும் ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் மேல்நிலை, திரவ ஹைட்ரஜனை எரித்தே இயங்குகிறது. இந்தியாவில் உருவாக்கிய கிரையோஜெனிக் இயந்திரம் 2014 ஜனவரி 5 அன்று முதல் வெற்றியைக் கண்டதும் அங்கேதான்.

அண்மையில் இவ்வூர் மாணவர் ஒருவர், கைப்பேசியில் வந்த ‘தண்ணீரில் ஓடும் கார்’ காணொளியைக் காட்டி, “ஏவூர்திக்கு ஆகும் ஹைட்ரஜன் காருக்கு ஏன் ஆகாது, சார்? நீரிலிருந்து அதை எடுப்பதை யார் தடுக்கிறார்கள்?” என்று கேட்டார். யாரும் தடுக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அக்கேள்விக்குப் பின்னால் இரு நூற்றாண்டு வரலாறு உள்ளது.

முதலில் ஒரு தெளிவு. நீர் எரிபொருள் அன்று. ஹைட்ரஜன் எரிந்தபின் எஞ்சும் சாம்பல். 1787இல் லவாய்சியரும் அவருடைய தோழர்களும் அவ்வாயுவுக்கு இட்ட பெயரின் பொருளே ‘நீரை ஆக்குவது’ என்பதாகும். 1800இல் வோல்டாவின் மின்கலம் பற்றிய செய்தி லண்டனை எட்டிய சில வாரங்களிலேயே, நிக்கல்சனும் கார்லைலும் நீரினுள் மின்சாரம் செலுத்தி அதை இரு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினர். அவ்வாறு பிரிக்கச் செலவிட்டதைவிட மிகுதியான ஆற்றல், எரிக்கும்போது திரும்பக் கிடைக்காது. நடைமுறையில் குறையவே செய்யும். ஆகவே வண்டியை ஓட்டுவது நீரன்று, நீரைப் பிரித்த ஆற்றலே.

அந்த ஆற்றலை எங்கிருந்து பெறுவது என்பதே அடுத்த கேள்வி. 1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் ஜே.பி.எஸ். ஹால்டேன், காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜனைத் திரவமாக்கி நிலத்தடியில் சேமிக்கும் காலம் வரும் என்றார். அதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

மின்சாரத்தின் இடையீடின்றிச் சூரிய ஒளியே நீரைப் பிரிக்குமா? 1972இல் தோக்கியோவைச் சேர்ந்த புஜிஷிமாவும் ஹோண்டாவும், நீரில் மூழ்கிய டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின்மீது ஒளி பட்டால் நீர் பகுபடும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. உலக ஆய்வுக்கூடங்கள் இவ்வழியில் திரண்டன. ஆனால் அப்பொருள் புற ஊதாக் கதிரை மட்டுமே பயன்கொள்ளும். சூரிய ஒளியில் அதன் பங்கோ மிகச் சிறிது. 1998இல் அமெரிக்காவில் கசேலெவும் டர்னரும் வேறு குறைக்கடத்திகளைக் கொண்டு 12.4 விழுக்காடு திறனை எட்டினர். எனினும் அவை விலை மிக்கவை; நீரில் அரிக்கப்படுபவை. 2021இல் ஜப்பானியர் 100 சதுர மீட்டர் பரப்பில் மலிவான ஒளிவினையூக்கித் தகடுகளை விரித்து ஆய்ந்தபோது கிடைத்த திறன் 0.76 விழுக்காடு. திறன் மிக்கது நீடிக்கவில்லை. பரப்பி வைக்கக்கூடியது திறன் தரவில்லை. இக்கனவு ஐம்பதாண்டுகளாக இவ்விரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறது.

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.வி.சி. சாஸ்திரி ஹைட்ரஜன் ஆற்றல் ஆய்வுக்கு அடித்தளமிட்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ.என். ஸ்ரீவஸ்தவாவின் குழு, உலோக ஹைட்ரைடுகளில் சேமித்த ஹைட்ரஜனைக் கொண்டு மோட்டார் சைக்கிளையும் மூன்று சக்கர வண்டியையும் ஓட்டிக் காட்டியது. 2006ஆம் ஆண்டின் தேசிய வழித்திட்டம், 2020க்குள் 10 லட்சம் ஹைட்ரஜன் வண்டிகள் ஓடும் என்று இலக்கு வைத்தது. 2013இல் இஸ்ரோவும் டாடா மோட்டார்சும் மகேந்திரகிரியில் ஒரு பேருந்தை ஓட்டின. 2020 வந்தது, வண்டிகள் வரவில்லை.

ஏன்? கணக்கு எளியது. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெற ஏறத்தாழ 9 லிட்டர் நீரும் 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் வேண்டும். அதைக்கொண்டு கார் சுமார் 100 கிலோமீட்டர் செல்லும். மின்கல வண்டி அதே தொலைவை 15 முதல் 20 யூனிட்டில் கடந்துவிடும். கூரையில் விழும் அதே வெயில், ஹைட்ரஜன் வழியாகச் சுற்றி வந்தால் மும்மடங்கு செலவாகிறது. ஏவூர்தியின் நிலை வேறு. அங்கே எடையே முதன்மை. ஒரு கிலோ ஹைட்ரஜன் பெட்ரோலைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு ஆற்றல் தரும். ஆனால் சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ பதினோராயிரம் லிட்டருக்கும் மேலான இடத்தை அடைக்கும். அதைக் காரில் அடக்க 700 மடங்கு வளிமண்டல அழுத்தம் தேவை.

ஆகவே கனவு பொய்க்கவில்லை; இடம் மாறியது. 2023 ஜனவரியில் ₹19,744 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை நாடுகிறது. உரமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் எஃகும் அதன் முதன்மைக் களங்கள். இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படும் ஹைட்ரஜனின் இடத்தை அது நிரப்பினால், காரில் சேமிப்பதைவிடப் பெரிய கரிமக் குறைப்பு கிட்டும்.

அம்மாணவரிடம் இறுதியாக ஒன்றைச் சொன்னேன். இத்தகைய காணொளியைக் காணும்போது நீர் எங்கே என்று தேடாதீர்கள். அதைப் பிரித்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதற்கு விடை தராதவர் அறிவியலைப் பேசவில்லை. விடை தருபவர் சூரியனைக் காட்டினால், எத்தனை சதுர மீட்டர், எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று தொடர்ந்து கேளுங்கள். அம்மூன்றுக்கும் ஒருசேர நல்ல விடை தரும் பொருளை இன்னும் ஒருவரும் கண்டறியவில்லை. வேதியியல் படிப்பவருக்கு இதனினும் நல்ல ஆய்வுத் தலைப்பு எளிதில் அமையாது.