பொதுப்பெயர் மருந்து

பொதுப்பெயர் மருந்து அல்லது ஜெனரிக் மருந்து என்பது, மூல மருந்தில் உள்ள அதே செயற்படு வேதிப்பொருளை அதே அளவில் கொண்டு பிற நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்து ஆகும். எடுத்துக்காட்டாக, குரோசின் என்பது வணிகப்பெயர். பாரசிட்டமால் என்பது பொதுப்பெயர். ஆய்வு, விளம்பரச் செலவுகள் குறைவு என்பதால் இதன் விலையும் குறைவு.

விலை வேறுபாடு

இந்தியாவில் 1972 முதல் 2004 வரை மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கப்பட்டது. எனவே வேறு செய்முறையில் அதே மருந்தைத் தயாரிக்க முடிந்தது. மேலைநாடுகளில் ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. மும்மருந்துக் கூட்டை, 2001 இல் சிப்லா நிறுவனம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது.

பயன்பாடு

மருந்துச் சீட்டில் உள்ள மருந்துக்குப் பொதுப்பெயர் மருந்து உண்டா என மருத்துவரிடம் கேட்கலாம். வலிப்பு, தைராய்டு மருந்துகளை அவரைக் கேளாமல் மாற்றுதல் ஆகாது.