வெடிச் சத்தம் இல்லாத ஊர்: வேட்டங்குடியின் கதை



தீபாவளி நெருங்கும்போது நம் சங்கக் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி, எந்த இடத்தில், எத்தனை மணி வரை வெடி வெடிக்கலாம் என்பதுதான். அதைப் பேசும் முன், நம் மாவட்டத்திலேயே உள்ள ஓர் ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாக்கோட்டையிலிருந்து காரைக்குடி, திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் பலமுறை போயிருப்பீர்கள். திருப்பத்தூரைத் தாண்டி மேலூர் போகும் வழியில் வருவது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். வேட்டங்குடி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மொத்தம் சுமார் 38 ஹெக்டேர். 1977இல் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை, இராக்கொக்கு எல்லாம் கூடு கட்டுகின்றன. மீனும் நத்தையும் குஞ்சுகளுக்கு இரை. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. ஆக, பறவையால் ஊருக்கும் லாபம்தான்.

ஆனால் பறவைகள் வந்து சேரும் ஐப்பசியில்தான் தீபாவளியும் வருகிறது. வெடிச் சத்தத்தில் தாய்ப் பறவை மிரண்டு எழுந்தால் கூடு காவலில்லாமல் கிடக்கும். முட்டையைக் காகம் கொத்திப் போகும். பல முறை மிரண்டால் கூட்டையே கைவிட்டுவிடும். எனவே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழா, கல்யாணம் என்றாலும் அப்படித்தான். அவர்களைப் பாராட்டி வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு வழங்குவது வழக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரணாலய எல்லைக்குள் சட்டம் காவல் காக்கலாம். ஊருக்குள், அவரவர் வீட்டு வாசலில் வெடிக்காமல் இருப்பது மக்கள் தாங்களே ஏற்ற கட்டுப்பாடு. வேடந்தாங்கலிலும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவ்வூரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972இல்.

இந்தக் கட்டுப்பாடு சுலபமானதல்ல. பக்கத்து ஊரில் வாணம் பறக்கும்போது, நம் வீட்டில் ஏன் இல்லை என்று குழந்தை கேட்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அதைச் சலிக்காமல் செய்ததால்தான் கூடுகள் இன்றும் நிலைக்கின்றன.

நம் பகுதிக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் கொக்கும் நாரையும் இறங்குகின்றன. முழுக்க விட்டுவிட முடியாவிட்டாலும், அதிர்வெடியை மட்டுமாவது இந்த ஆண்டு தவிர்க்கலாமா? மத்தாப்பும் புஸ்வாணமும் போதாதா? வீட்டில் பிள்ளைகளோடு பேசிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். மழை நின்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை வேட்டங்குடிக்கு அழைத்துப் போங்கள். கரையில் நின்று பார்த்தால் மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.